இரண்டு தடவை தப்பாகப் போட்ட மார்க்



மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். "டீச்சர், மான்செஸ்டர் எப்படி இருக்கு? போட்டோ போடுங்க" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். போட்டோ பிறகு போடுகிறேன். அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். பதிவு நீளம்தான். சாயங்காலம் காபி குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

விஷயம் ஓர் ஆங்கில ராக் இசைக்குழுவின் ஆல்பத்தைப் பற்றியது. சிரிக்காதீர்கள். சுசீலாம்மா பாட்டைத் தவிர வேறெதையும் முணுமுணுக்காத டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடைசிவரை படித்தால் தெரியும். இது மார்க் போடுகிற கதையில் போய் முடியும். அது எனக்குத் தெரிந்த தொழில்.

மகள் குடியிருப்பது மான்செஸ்டரின் வடக்குப் பக்கம், ப்ரெஸ்ட்விச் என்ற இடத்தில். பக்கத்திலேயே ஹீட்டன் பார்க் என்று ஒரு பெரிய பூங்கா. நம் ஊர் ஏரியைப் போல நாலைந்து ஏரி அதற்குள் அடங்கும். தினமும் காலையில் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு அங்கேதான் நடக்கப் போவேன். 2025 ஜூலையில் திடீரென்று பூங்காவைச் சுற்றி வேலி போட்டார்கள். தெருவில் கார் நிறுத்தக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். கடை வாசல்களில் ஒரே மாதிரியான தொப்பிகள் தொங்கின. என்ன திருவிழா என்று மகளைக் கேட்டேன். "ஒயாசிஸ் கச்சேரிம்மா. அண்ணன் தம்பி சண்டை போட்டுப் பதினாறு வருஷம் கழிச்சு இப்பதான் ஒண்ணா பாடறாங்க" என்றாள்.

ஜூலை 11ஆம் தேதி முதல் கச்சேரி. ஒரு இரவுக்கு 80,000 பேர். டிக்கெட் கிடைக்காதவர்கள் பூங்காவில் ஒரு மேட்டில் ஏறி நின்று தூரத்திலிருந்து கேட்டார்கள். அதற்குக் 'காலகர் மேடு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் வீட்டுப் பின்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பாடுகிறவர் குரலைவிடக் கூட்டத்தின் குரல்தான் அதிகம் கேட்டது. நம் ஊரில் தேர் நிலைக்கு வரும்போது எழும் சத்தம் நினைவிருக்கிறதா? அந்த மாதிரி.

பக்கத்து வீட்டுக்காரரும் அவர் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். பஸ் ஓட்டுநர். நான் அங்கே போன முதல் வாரம் முறுக்கு கொடுத்ததிலிருந்து பழக்கம். அவருடைய மான்செஸ்டர் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை மகள் எடுத்துச் சொல்வாள். ஒவ்வொரு பாட்டுக்கும் அவரும் கூடவே பாடிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டு வந்தபோது மட்டும் பாடாமல் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பாட்டின் பெயர் 'ஸ்டாண்ட் பை மீ'.

"ஏன், இது பிடிக்காதா?" என்று கேட்டேன்.

"பிடிக்கும். ஆனா இந்த ஆல்பத்தை நான் அம்பது பென்ஸுக்கு வித்துட்டேன்" என்றார்.

அந்த ஆல்பத்தின் பெயர் 'பீ ஹியர் நவ்'. அதன் கதையை அவர் அன்றிரவு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார். விட்டுப்போனதை மறுநாள் முதல் மகளிடமும் கணினியிலும் தேடித் தெரிந்துகொண்டேன்.

முதலில் அந்தச் சகோதரர்கள். மூத்தவர் நோயல் காலகர், இளையவர் லியாம். மான்செஸ்டரின் தெற்கே பர்னேஜ் என்ற பகுதியில் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். அம்மா அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். தம்பி பாடிக்கொண்டிருந்த குழுவில் அண்ணன் 1991இல் சேர்ந்தார். பாட்டு எழுதுவது அண்ணன், பெரும்பாலும் பாடுவது தம்பி. 1993இல் கிளாஸ்கோவில் ஒரு சின்ன அரங்கில் பாடியபோது, கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற சுயேச்சையான இசை நிறுவனத்தை நடத்திய ஆலன் மெக்கீ கேட்டுவிட்டு உடனே ஒப்பந்தம் போட முன்வந்தார். பெரிய கம்பெனிகளுக்கு வெளியே இப்படிச் சின்ன நிறுவனங்கள் வளர்த்த இசையைத்தான் அங்கே 'இண்டி' என்கிறார்கள்.

முதல் ஆல்பம் 'டெஃபினெட்லி மேபி', 1994. அதுவரை பிரிட்டனில் வந்த முதல் ஆல்பங்களில் மிக வேகமாக விற்றது அதுதான். விமர்சகர்களும் கொண்டாடினார்கள். இதுவரை பிரச்சினை இல்லை. முதல் ரேங்க் வாங்கிய பையன், வாத்தியாருக்கும் சந்தோஷம்.

இரண்டாவது ஆல்பம் 1995 அக்டோபரில் வந்தது. சுருக்கமாக 'மார்னிங் குளோரி' என்பார்கள். இங்கேதான் முதல் தவறு. பல விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். முதல் ஆல்பம் அளவுக்கு இல்லை, வரிகளில் கனம் இல்லை என்று எழுதினார்கள். சுமாரான மார்க். ஆனால் ஜனங்கள் வேறு மார்க் போட்டார்கள். பிரிட்டனில் விற்ற ஆல்பங்களின் வரலாற்றிலேயே மிக மேலே போய் நின்றது அது. உலகம் முழுதும் 2 கோடிக்கும் மேல் விற்றது. 2010இல் பிரிட் விருதுக்காரர்கள் முப்பது வருடங்களின் சிறந்த பிரிட்டிஷ் ஆல்பம் எது என்று வாக்கெடுப்பு வைத்தபோதும் இதுதான் வென்றது.

அந்த ஆல்பத்தில் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' என்று ஒரு பாட்டு. 2017 மே மாதம் மான்செஸ்டரில் ஒரு கச்சேரி அரங்கில் குண்டு வெடித்து 22 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. மூன்று நாள் கழித்து செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் மக்கள் கூடி ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். மௌனம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் தன்பாட்டுக்கு இந்தப் பாட்டைத் தொடங்கினார். மெல்ல மெல்ல எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது குரல் கம்மியது. அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்துக்குத்தான் 'சுமார்' என்று மார்க் விழுந்திருந்தது.

1996 ஆகஸ்டில் நெப்வொர்த் என்ற இடத்தில் இரண்டு நாள் கச்சேரி. இரண்டரை லட்சம் பேர் பார்த்தார்கள். டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். நாடே இவர்கள் பின்னால் நின்றது. மறு வருடம் ஜூலையில், புதிதாகப் பிரதமரான டோனி பிளேர் வைத்த விருந்துக்கு நோயல் டவுனிங் தெருவுக்கே போய் வந்தார். பர்னேஜ் பையன், மூன்றே வருடத்தில்.

இப்போது மூன்றாவது ஆல்பம்.

முதல் இரண்டு ஆல்பங்களின் பாட்டுகளில் பலவற்றை நோயல் கையில் ஒன்றும் இல்லாத காலத்திலேயே எழுதிச் சேர்த்து வைத்திருந்தார். அந்தச் சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. மூன்றாவதற்காகக் கரீபியன் கடலில் மஸ்டிக் என்ற பணக்காரர்களின் தீவில் உட்கார்ந்து பாட்டுகளைத் தயார் செய்தார். 1996 கடைசியில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு தொடங்கியது. பத்திரிகைக்காரர்கள் வாசலிலேயே காத்துக் கிடந்ததால் வேறு ஸ்டுடியோவுக்கு மாறினார்கள். தயாரித்தவர்கள் நோயலும் ஓவன் மோரிஸும். ஸ்டுடியோவில் போதைப்பொருள் தாராளம். இதை நான் சொல்லவில்லை, அவர்களே பின்னால் பேட்டிகளில் சொன்னது. ஒரு கிட்டார் போதுமென்ற இடத்தில் கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கினார்கள். 'மை பிக் மவுத்' என்ற பாட்டில் முப்பது அடுக்கு கிட்டார் இருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. நான்கு நிமிடத்தில் முடிய வேண்டியது ஏழு நிமிடம் ஓடியது. 'ஆல் அரவுண்ட் தி வேர்ல்ட்' என்ற பாட்டு ஒன்பது நிமிடத்துக்கும் மேல். அது முடிந்தது என்று நினைத்தால், கடைசியில் அதன் வால் தனியாக ஒரு முறை வருகிறது. மொத்தம் 71 நிமிடம்.

அந்த அறையில் "போதும், வெட்டு" என்று சொல்ல ஒருவர் இல்லை. யார் சொல்வார்கள்? கடைசியாகக் குறை சொன்னவர்கள் எல்லாம் நாடறிய மூக்குடைந்து நின்றார்களே!

ஆல்பத்தின் அட்டையைப் பார்த்தேன். ஒரு பெரிய மாளிகை, அதன் முன்னால் நீச்சல் குளம், குளத்தில் பாதி மூழ்கிய ரோல்ஸ் ராய்ஸ் கார். உள்ளே இருப்பதை அட்டையே சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நிர்வாகத்தினர் அந்த ஆல்பத்தைப் புதையல் மாதிரி காத்தார்கள். முன்கூட்டிக் கேட்கக் கொடுத்தால் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். அந்தக் காலத்தில் வழக்கமாகத் திங்கட்கிழமை வெளியிடுவார்கள். இதை 1997 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமையே வெளியிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து தட்டுகள் முந்திக்கொண்டு கள்ளத்தனமாக வந்துவிடும் என்ற பயம். காலை எட்டு மணிக்கு முன் கடை திறக்கக் கூடாது என்று கடைக்காரர்களுக்குக் கட்டளை.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அப்போது 27 வயது. அன்று வேலைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஆறரை மணிக்கே கடை வாசலில் நின்றாராம். அன்று ஒரே நாளில் நாடு முழுவதும் 4,24,000 தட்டுகள் விற்றன. சனிக்கிழமை மாலைக்குள், அதாவது மூன்றே நாளில், 6,63,000க்கும் மேல். பிரிட்டன் வரலாற்றில் அவ்வளவு வேகமாக விற்ற ஆல்பம் அதற்குமுன் இல்லை. அடெல் என்ற பாடகி 2015இல் முறியடிக்கும்வரை 18 வருடம் அந்தச் சாதனை நின்றது.

சரி, விமர்சகர்கள் என்ன செய்தார்கள்? இங்கேதான் இரண்டாவது தவறு. ஏறக்குறைய எல்லோரும் புகழ்ந்து தள்ளினார்கள். 'க்யூ' பத்திரிகை ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டது. 'என்.எம்.இ.' பத்துக்கு எட்டு. குறை சொன்னவர்கள் மிகச் சிலர். போன தடவை குறைத்துப் போட்டு அவமானப்பட்ட கைகள் இந்தத் தடவை அள்ளிப் போட்டன. பின்னால் இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். கேட்ட பாட்டுக்கு மார்க் போடவில்லை, முந்தின ஆல்பத்துக்குக் கொடுக்கத் தவறிய மார்க்கை இதற்குச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேளுங்கள். முதல் நாள் வீட்டுக்குப் போய் மூன்று தடவை போட்டுக் கேட்டாராம். ஏதோ சரியில்லை என்று தோன்றியதாம். ஆனால் பத்திரிகையில் ஐந்து நட்சத்திரம். நண்பர்கள் எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள். "அப்ப என் காதுதான் சரியில்லைன்னு நினைச்சேன்" என்றார். ஒரு மாதம் அப்படியே தன்னை ஏமாற்றிக்கொண்டாராம். நண்பர்களில் ஒருவர் மதுக்கடையில் மெதுவாக, "உனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள்.

அந்த ஆகஸ்ட் மாதக் கடைசி நாளில் இளவரசி டயானா பாரிசில் விபத்தில் இறந்தார். நாட்டின் மனநிலையே மாறிப்போனது. செப்டம்பரில் 'ஸ்டாண்ட் பை மீ' தனிப் பாட்டாக வந்தபோது, டயானாவுக்காக எல்டன் ஜான் பாடிய பாட்டு முதலிடத்தில் அசையாமல் நின்றது. இது இரண்டாம் இடத்தோடு நின்றுகொண்டது. ஆரவாரத்தைக் கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை. கொஞ்ச நாளில் அந்த ஆல்பம் பழைய தட்டு விற்கும் கடைகளில் குவிய ஆரம்பித்தது. அந்தக் குவியலில் ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையது. ஐம்பது பென்ஸ்.

அடுத்து நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. புகழ்ந்த அதே பத்திரிகை உலகம் இப்போது அடிக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் இசை அலைக்கே சாவு மணி இந்த ஆல்பம்தான் என்றார்கள். ஒரு குழு தலைகனத்தால் கெடுவதற்கு உதாரணமாக இதைக் காட்டினார்கள். நோயலே நம்பிவிட்டார். 2003இல் வந்த ஓர் ஆவணப்படத்தில், போதையில் எதைப் பற்றியும் கவலையில்லாத ஆட்கள் ஸ்டுடியோவில் எழுப்பிய சத்தம் என்கிற மாதிரி தன் ஆல்பத்தைத் தானே தூக்கிப் போட்டார். 2006இல் குழுவின் சிறந்த பாட்டுகளைத் தொகுத்தபோது இதிலிருந்து ஒரு பாட்டைக்கூடச் சேர்க்கவில்லை. தம்பி லியாம் மட்டும் இன்றுவரை அந்த ஆல்பத்தை விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. அண்ணன் தம்பிக்குள் சண்டைக்கா பஞ்சம்? 2009 ஆகஸ்டில் பாரிசில் கச்சேரிக்குச் சற்று முன் நடந்த சண்டையில் குழுவே உடைந்தது.

2016இல் இந்த ஆல்பத்தை மறுபடி வெளியிட்டார்கள். நோயல் முழுவதையும் சுருக்கிச் சரிசெய்ய ஆரம்பித்து, ஒரே ஒரு பாட்டை மட்டும் முடித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் அந்த வெளியீட்டில் மஸ்டிக் தீவில் பதிவுசெய்த முதல் வரைவுகளைச் சேர்த்திருந்தார்கள். மகள் ஒருநாள் ராத்திரி சமையலறையில் அதைப் போட்டுக் காட்டினாள். அடுக்கின கிட்டார் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. பாட்டு தெரிந்தது. வரி புரியாவிட்டாலும் மெட்டு நெஞ்சில் நின்றது. நான் கேட்டேன், "இது நல்லாத்தானே இருக்கு? இதையா குப்பைன்னு சொன்னாங்க?"

"இதைத்தாம்மா. இது மேலதான் அத்தனையும் அடுக்கிட்டாங்க" என்றாள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. இனி சொல்லப்போவது என் கதை.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஒரு விரிவுரையாளர் இருந்தார். விடைத்தாள் திருத்தும்போது மேல்பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்வார். "பேரைப் பார்க்காதே, போன மாசத்து மார்க்கைப் பார்க்காதே. கையில் இருக்கிற தாளை மட்டும் பார்" என்பார். பட்டயத்தோடு அதையும் வாங்கிக்கொண்டுதான் 21 வயதில் வேலைக்கு வந்தேன். வருடம் போகப் போக மடிப்பது நின்றுபோனது.

2001இல் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவன். பெயர் சொல்ல மாட்டேன். அவனோடு படித்தவர்கள் கண்டுபிடித்தாலும் கீழே எழுத வேண்டாம். அரையாண்டுத் தேர்வில் வாரச்சந்தையைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தேன். மாட்டு வியாபாரிகள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதை அவன் எழுதியிருந்தான். விரலில் எந்தக் கணு எவ்வளவு ரூபாய் என்றுகூட எழுதியிருந்தான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, முழுக்கப் பேச்சுத்தமிழ். நான் இருபதுக்கு எட்டு போட்டேன். "நடையில் கவனம் தேவை" என்று சிவப்பு மையில் எழுதினேன். தலைமையாசிரியர் தற்செயலாக அந்தத் தாளைப் படித்துவிட்டு, அவனைத் திரும்ப எழுதச் சொல்லி வட்டார அளவில் நடந்த கட்டுரைப் போட்டிக்கு அனுப்பிவிட்டார். முதல் பரிசு. காலை வழிபாட்டில் அவன் சான்றிதழ் வாங்கியபோது கை தட்டினேன். உள்ளுக்குள் கூசிப்போனேன்.

அடுத்த வருடம் எட்டாம் வகுப்பு. மாவட்டப் போட்டிக்கு எங்கள் ஏரியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். பதினாறு பக்கம். நான் மூன்று பக்கம் படித்தேன். அன்றைக்குச் சத்துணவுக் கணக்கு வேறு பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் உண்மையான காரணம் நேரமின்மை இல்லை. இன்னொரு தடவை இந்தப் பையன் விஷயத்தில் தப்புப் பண்ணிவிடக் கூடாது என்ற பயம். "மிக அருமை! ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பரிசு இல்லை. ஆறுதல் பரிசும் இல்லை. கட்டுரை மட்டும் திரும்பி வந்தது. அவன் மேசைப் பக்கம் வந்து நின்றான். "டீச்சர், நல்லா இருக்குன்னு எழுதுனீங்களே, இதுல எது நல்லா இல்ல?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. படித்திருந்தால்தானே சொல்ல முடியும்? "நடுவர்கள் சரியில்லப்பா" என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் அவன் எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டு போட்டபோதுகூட அவன் எழுதுவதை நிறுத்தவில்லை. "மிக அருமை" என்று எழுதிய பிறகுதான் நிறுத்தினான்.

ஹீட்டன் பார்க்கில் அந்த மாதம் ஐந்து இரவுகள் கச்சேரி நடந்தது. 'பீ ஹியர் நவ்' ஆல்பத்திலிருந்து இரண்டு பாட்டு ஒவ்வொரு நாளும் பாடினார்கள். நோயல் தூக்கிப் போட்ட ஆல்பம்தான். 80,000 பேர் சேர்ந்து பாடினார்கள். கடைசி இரவு பக்கத்து வீட்டுக்காரரும் 'ஸ்டாண்ட் பை மீ' பாட்டுக்குக் குரல் கொடுத்தார். வித்த தட்டை மறுபடி வாங்கிவிட்டாராம், இப்போது 12 பவுண்ட். "இது அஞ்சு ஸ்டார் இல்ல. குப்பையும் இல்ல. நாலு பாட்டு நல்ல பாட்டு, அவ்வளவுதான். இதை அன்னைக்கே ஒருத்தர் சொல்லியிருக்கலாம்" என்றார். இருபத்தெட்டு வருடம் கழித்து ஒரு பஸ் ஓட்டுநர் எழுதிய விமர்சனம். நான் படித்தவற்றில் நியாயமான விமர்சனம் அதுதான்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அடியில் இருந்தது. பதினாறு பக்கம், ஓரமெல்லாம் பழுப்பு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். பிறகு இன்னொரு தடவை படித்தேன்.

இது இப்போது உனக்கு, தம்பி. என் பதிவுகள் எல்லாவற்றுக்கும் விருப்பக்குறி போடுகிறாய், ஒரு வார்த்தை எழுதியதில்லை. இதையும் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்கு நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

முதல் ஆறு பக்கம் வேண்டாம். அதில் நீ இல்லை. எட்டு போட்ட டீச்சருக்குப் பிடிக்க வேண்டுமென்று எங்கெங்கோ பார்த்து அடுக்கிய சொற்கள்தான் இருக்கின்றன. அது உன் தப்பு இல்லை. ஏரி வற்றினால் என்ன ஆகும் என்பதை மூன்று இடத்தில் சொல்லியிருக்கிறாய், ஒரு இடம் போதும். ஏழாம் பக்கத்தில் ஏரி அழிகிற அன்று ஊரே இறங்கி மீன் பிடிக்கிற இடத்தில் கட்டுரை ஆரம்பிக்க வேண்டும். சேற்றில் உன் அப்பாவின் செருப்பு ஒன்று புதைந்து போனதையும், அடுத்த கோடைவரை அவர் அந்த ஒற்றைச் செருப்பை எறியாமல் வைத்திருந்ததையும் எழுதியிருக்கிறாயே, அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. மதகு பற்றிய இரண்டு பக்கமும் நன்று. கடைசி மூன்று பக்கம் பிரசங்கம், வெட்டிவிடலாம். பதினாறில் ஐந்து பக்கம் நல்ல கட்டுரை. அந்த ஐந்து பக்கத்தை அன்று அனுப்பியிருந்தால் பரிசு வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ தொடர்ந்து எழுதியிருப்பாய்.

தாளின் மேல்பக்கத்தை மடித்து வைத்துத்தான் படித்தேன். மார்க் போடவில்லை. அந்த உரிமை எனக்கு இனி இல்லை. தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. சந்தைக்கு வருகிற புதன்கிழமை ஏதாவது ஒன்றில் வீட்டுக்கு வா. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் படிப்போம். என் பழைய சிவப்பு மை எழுத்தை நீயே அடித்துவிடு.

மற்றவர்களுக்கு ஒன்று. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பெற்றோர்கள் இன்னும் அதிகம். பிள்ளை ஏதாவது வரைந்து, எழுதி, பாடிக் காட்டும்போது, போன தடவை திட்டிவிட்டோமே என்பதற்காக இந்தத் தடவை "சூப்பர்" என்று சொல்லிவிட்டுக் கைபேசிக்குத் திரும்பாதீர்கள். கடைசிப் பக்கம்வரை படியுங்கள். பிறகு சொல்லுங்கள்.

பேரன் கிட்டார் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். நேற்று வீடியோ அழைப்பில் வாசித்துக் காட்டினான். இரண்டாவது வரியில் தாளம் தப்பியது. சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப ஒரு முறை வாசித்தான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்